பழுதுரைக்கத் தமிழில்லையா?

வீட்டிலுள்ள இணைய இணைப்பு அற்றுப்போனால் நம் தமிழன் என்ன செய்கின்றான்? கருவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுகின்றான். மின்கம்பியைப் பிடுங்கிச் செருகுகின்றான். பின்னர் உதவி நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, ‘நெட்டு வரல்ல சார்’ என்று மூன்று சொற்களை உதிர்த்துவிட்டு வாய்மூடி நிற்கின்றான். அம்மூன்றனுள் இரண்டு ஆங்கிலம். எஞ்சிய தமிழ்ச்சொல் ஒன்றோ, எது வரவில்லை, எப்பொழுதிலிருந்து வரவில்லை, எவ்விடம் வரை வந்து நின்றுவிட்டது என்பனவற்றுள் ஒன்றனையும் உணர்த்த மாட்டாமல் தனித்து நிற்கின்றது.

மறுமுனையில் இருப்பவர் யார்? பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை போன்ற ஓர் இளைஞர்தாம். சென்னையிலோ கோவையிலோ ஒரு கூடத்தில், காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து பிறர் சினத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பவர். அவர் முன்னுள்ள திரையில் ஆங்கிலத்தில் ஒரு வினாவரிசை. ஓரழைப்புக்கு இத்தனை மணித்துளி என்று அளந்து பார்ப்போர் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ளனர். நம் வீட்டுக் கருவியை அவர் காணார். அவர்க்குக் கண் நாம்தாம். அக்கண் ஒன்றும் கூறாவிடின் அவர் தம் வரிசையின் முதல் வினாவிலிருந்துதான் தொடங்குவார். இருபது மணித்துளி கழித்து, ‘ஆள் வருவார்’ என்பார். மூன்றாம் நாள் ஆள் வருவார். வேண்டிய பொருளை விட்டு வேறொன்றைக் கொண்டு வருவார்.

இதனை வெறும் வீட்டுக்குறிப்பென்று அன்பர்கள் ஒதுக்கிவிடற்க. தமிழ் அறிவியன் மொழியாகுமா என்று வினவுவோர்க்கு நாம் நெடுங்காலமாகக் கலைச்சொற் பட்டியல்களையே எடுத்துக் காட்டி வருகின்றோம். பட்டியல்கள் வேண்டுவனவே. ஆயின், ஒரு மொழி தொழினுட்பத்தை ஆள்கின்றதா என்று அறிதற்கு வேறோர் அளவுகோலும் உண்டு. பொறி கெட்டபொழுது, அது கெட்ட வகையை, அதனைக் கண்ணாற் காணாத ஒருவர்க்கு அம்மொழியாற் காட்ட இயல்கின்றதா என்பதே அது. தமிழுக்கு அவ்வாற்றல் நிரம்ப உண்டு. அதனை எடுத்தாளும் பழக்கந்தான் தமிழனுக்கு இல்லை. அப்பழக்கத்திற்குரிய இடம், அழைப்புக்கு முன்னுள்ள அந்தக் கால்மணி நேரம். அழைக்கு முன் அணியமாதல் என்பதைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றேன்.

மருந்து என்னும் பகுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த வள்ளுவர், மருத்துவனையும் மருந்தையும் அருகிருந்து பேணுபவனையும் மட்டும் கூறி விடவில்லை. நோயுற்றவனையும் ஒரு கூறாக வைத்தார். நோயுற்றவன் மருத்துவத்திற்குப் புறத்தே கிடக்கும் பொருள் அல்லன், அதன் உறுப்பு. தன் நோயைச் சொல்லத் தெரிந்தவனுக்கே மருத்துவம் எளிதிற் கைகூடும். கருவிப் பழுதும் இத்தகையதே.

எடுத்துக்காட்டாக, இன்று சிற்றூர்களிலும் புகுந்துவிட்ட ஒளியிழை இணைப்பையே கொள்வோம். மயிர்போல் நுண்ணிய கண்ணாடியிழை வழியே ஒளியாக வரும் செய்தியை மின்குறியாக மாற்றித் தருவது, சுவரில் தொங்கும் அச்சிறு பெட்டி. மோடம் என்றும் இரௌட்டர் என்றும் மக்கள் வழங்குவது அதனையே. அதன் முகத்தில் நாலைந்து விளக்குகள் இருக்கும். அவை அழகுக்கு வைத்தவை என்றே பலர் எண்ணியிருக்கின்றனர்! அவைதாம் பெட்டி நம்மோடு பேசும் வாய். ‘பவர்’ என்று பொறித்தது மின்னோட்டம் உண்டா என்பதைச் சொல்லும். ‘பான்’ என்பது நிலையத்தோடு பெட்டிக்குத் தொடர்பு அமைந்ததா என்பதைக் காட்டும். ‘எல்.ஓ.எசு.’ என்பது ஒளி வந்து சேரவில்லை என்னும் முறையீடு.

இவ்வெல்.ஓ.எசு. விளக்குச் செந்நிறத்தில் மினுக்கினால், ஒளி வீடு வரை வரவில்லை என்பது பொருள். இழை அறுந்திருக்கலாம், கூர்மையாக மடங்கியிருக்கலாம், முனை கழன்றிருக்கலாம், தெருக்கம்பத்தில் பழுது நேர்ந்திருக்கலாம். இந்நிலையில் பெட்டியை நூறுமுறை அணைத்து ஏற்றினும் பயனில்லை. இழை பார்க்கும் ஆள் வந்தே ஆகவேண்டும். அவ்விளக்கு அணைந்து, பான் விளக்குப் பச்சையாய் நின்றெரிந்தும் இணையம் வரவில்லையெனின் இழை நன்றாக உள்ளது. பழுது கணக்கிலோ, கட்டணத்திலோ, பெட்டியின் அமைப்பிலோ, நிலையத்திலோ இருத்தல் வேண்டும். பெரும்பாலும் ஆள் வராமலேயே தீர்க்கத்தக்கது அது. பான் விளக்கு ஓயாது மினுக்கிக்கொண்டே இருப்பின், பெட்டி நிலையத்தைக் கூவி அழைக்கின்றது, நிலையம் இன்னும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை என்று கொள்க. (பெட்டிக்குப் பெட்டி எழுத்தும் நிறமும் சிறிது வேறுபடும். ஆதலின் நிறத்தோடு, விளக்கின் அருகே பொறித்துள்ள எழுத்தையும் பார்த்துக்கொள்க.)

ஈண்டு ஒன்றனைக் கருதுமின். நின்றெரிதல், மினுக்குதல், விட்டுவிட்டெரிதல், மங்கியெரிதல், அணைந்து கிடத்தல் என ஐந்து நிலைக்கு ஐந்து சொற்கள் நம் வீட்டுப் பெண்டிர் வாயிலேயே உள்ளன. எந்தக் கலைச்சொல் ஆக்கக்குழுவும் கூடி இவற்றைப் படைக்கவில்லை. நின்றெரிதற்கும் மினுக்குதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஆள் வர வேண்டுமா வேண்டாவா என்னும் வேறுபாடு. இத்துணைக் கூர்மையான சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘லைட்டு என்னமோ எரியுது’ என்று சொல்லிக்கொண்டிருக்கின்றோம்!

அழைக்கு முன் இன்னும் சில பார்க்க வேண்டும். ஒரு கைப்பேசியில் மட்டும் வரவில்லையா, வீட்டிலுள்ள எல்லாவற்றிலுமா? பெட்டியிலிருந்து கம்பி வழியே கணினியை இணைத்தால் வருகின்றதா? கம்பியில் வந்து, காற்றுவழி வரும் அருகலையில் மட்டும் வரவில்லையெனின், பழுது இழையில் இல்லை என்பது அப்பொழுதே தெளிவு. அண்டை வீட்டாரும் அதே நிறுவனத்தின் இணைப்பை உடையராயின் அவர்க்கும் அற்றதா என்று கேட்டறிக. அற்றதெனின் பழுது தெருவுக்குரியது, வீட்டுக்குரியதன்று. எத்தனை மணிக்கு அற்றது, அதற்கு முன் மழையோ இடியோ மின்தடையோ நேர்ந்ததா, சுவரில் ஆணி அடித்தோமா, அலமாரியை நகர்த்தினோமா என்பனவும் எண்ணிப் பார்க்கத்தக்கன. ஒருமுறை மின்னை அணைத்து, அரை மணித்துளி பொறுத்து, மீண்டும் ஏற்றி, பெட்டி விழித்தெழச் சில மணித்துளி விட்டு, விளக்குகளைத் திரும்பப் பார்க்க. ஆனால் பெட்டியின் பின்புறத்திலுள்ள ஊசித்துளைப் பொத்தானை மட்டும் தாமாக அழுத்தற்க. அஃது அமைப்பு முழுவதையும் அழித்துவிடும், சிறுபழுது பெரும்பழுதாகும். கழன்ற இழைமுனையைக் கண்ணருகே கொண்டு பார்த்தலும் கூடாது. உள்ளே வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. புலப்படாமலே தீங்கு செய்யவல்லது.

கண்டவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க. நினைவில் வைத்துக்கொள்வேன் என்பார் பேச்சு வாராது. பதற்றத்தில் நம் வீட்டு எண்ணே நமக்கு மறக்கும். தாளின் தலைப்பில் நுகர்வாளர் எண், இணைப்பு யார் பெயரில் உள்ளது என்பது, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள வரிசையெண். திரையில் பிழைச்செய்தி ஏதும் தோன்றியிருப்பின் அதனை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுக. அஃது ஆங்கிலத்தில் இருப்பினும் அவ்வாறே. பிழைச்செய்தி என்பது பொறியின் வாக்குமூலம். அதனை நாம் திருத்தலாகாது. கைப்பேசியில் மின்னேற்றம் உண்டா என்று பார்த்துக்கொண்டு, பெட்டியின் அருகிலேயே நாற்காலியை இட்டு அமர்ந்து பின்பு அழைக்க. திண்ணையில் நின்று அழைத்துவிட்டு, ஒவ்வொரு வினாவிற்கும் உள்ளே ஓடிப் பார்த்து வருவோர் உளர்.

இனி, பேச்சு. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே செப்பையும் வினாவையும் எடுத்துப் பேசினார். நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். பள்ளியில் நாம் இவற்றை மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு மறந்துவிட்டோம். அவ்விலக்கணம் முழுவதும் இன்று தொலைபேசியில் உயிரோடு உலவுவதைக் காணலாம். ‘பெட்டியை அணைத்து ஏற்றினீர்களா?’ என்று அவ்விளைஞர் கேட்பது ஏவல் வினா. ஏற்றுக என்பதே அதன் பொருள்; நம்மை அறிவிலி என்றதாக எண்ணிச் சினங்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ‘சிவப்பு விளக்கு எரிகின்றதா?’ என்பது அறியா வினா. அதற்கு வேண்டுவது நேர்விடை, மறைவிடை, சுட்டுவிடை என்னும் மூன்றனுள் ஒன்று. நம்மவர் தருவனவோ எஞ்சிய ஐந்து! ‘பணமெல்லாம் கட்டியாயிற்றே’ என்பது இனமொழி. ‘நீங்களே ஆளனுப்பிப் பாருங்கள்’ என்பது ஏவல். ‘எரியாமல் இருக்குமா?’ என்பது வினாவெதிர் வினா. ‘இனி இந்த இணைப்பே வேண்டா என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்’ என்பது உறுவது கூறல். உற்றதுரைத்தல் ஒன்றுக்கு மட்டும் உரிய இடம் உண்டு. அஃது அழைப்பின் தொடக்கம். ‘நேற்றிரவு ஒன்பது மணி முதல் இணையம் இல்லை. எல்.ஓ.எசு. விளக்குச் செந்நிறத்தில் மினுக்குகின்றது. ஒருமுறை அணைத்து ஏற்றினேன், மாற்றமில்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை.’ நான்கு தொடர். இதன்பின் அவர் தம் வினாவரிசையில் பாதியைக் கடந்துவிடுவார். உற்றதை உரைத்த பின்னர், கேட்டதற்கு மட்டும் விடை.

நம் இயக்க அன்பர் ஒருவர் பற்றி இங்குக் கூற வேண்டும். அவர் தனித்தமிழில் உறுதி மிக்கவர். உதவி நிலையத்தை அழைத்துத் ‘திசைவியின் ஒளியிழப்புக் காட்டி மினுக்குகின்றது’ என்றார். மறுமுனையில் இருந்த பெண் திகைத்து, ‘என்ன சார்?’ என்றாள். அன்பர் மீண்டும் அதனையே கூறினார். மூன்றாம் முறையும் அவட்கு விளங்கவில்லை. உடனே அன்பர், தமிழ்நாட்டில் பிறந்து தமிழ் தெரியாமல் ஊதியம் வாங்குவது பற்றி அவட்கு நெடிய அறிவுரை வழங்கினார். இணைப்பு வரவில்லை; முறையீடும் பதிவாகவில்லை; அவள் தமிழும் வளரவில்லை.

அன்பரின் பற்றை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அவர் செய்ததன் மாற்றைக் கூறுகின்றேன். ‘சுவரில் உள்ள வெள்ளைப் பெட்டி. அதில் இடப்புறமிருந்து மூன்றாம் விளக்கு. செந்நிறம். மினுக்குகின்றது.’ இதில் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? புதிதாய்ப் புனைந்த சொல்லேனும் உண்டா? இடமும் நிறமும் எண்ணும் வினையும் சொன்னால் பெயர் தெரியாத பொருளும் கண்முன் நிற்கும். இவ்வாறு பொருளைக் காட்டிய பின், ‘திசைவி என்கின்றேனே, அந்தப் பெட்டி’ என்று ஒருமுறை இணைத்துச் சொன்னால் அச்சொல்லும் அவள் காதில் ஏறும். கணினி, செயலி, கடவுச்சொல் என்பன இன்று தெருவிலும் வழங்குகின்றன என்றால், பொருளோடு ஒட்டிப் பலர் வாயிற் பயின்றதே அதற்குக் கரணியம். இதனைக் கொள்கைத் தளர்ச்சி என்று நம் அன்பருட் சிலர் மடல் எழுதக்கூடும். எழுதுக, விடையளிப்பேன்.

பள்ளியிலும் இதற்கு வழியுண்டு. கட்டுரை வகுப்பென்றால் நாம் விடுப்பு மடலையும், ‘எங்கள் ஊர்த் திருவிழா’வையும் ஆண்டுதோறும் எழுதச் செய்கின்றோம். என் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு நான் சில ஆண்டுகளாகப் ‘பழுதுரை’ என்று ஒன்று வைத்திருக்கின்றேன். கெட்டுப்போன ஏதேனும் ஒன்றனை ஐந்தே தொடரில், அதனைக் காணாத ஒருவர்க்கு எழுத வேண்டும். ‘சரியில்லை’, ‘வேலை செய்யவில்லை’ என்னும் இரண்டும் வரலாகாது. முதலில் திணறுவர். ஒருமுறை பள்ளிக் கிணற்று நீரேற்றி கெட்டது. மாணவி ஒருத்தி, ‘பொறி ஓடுகின்றது, நீர் ஏறவில்லை, குழாயில் நீர் ஊற்றி நிரப்பினால் சிறிதுநேரம் ஏறுகின்றது, நிறுத்தி மீண்டும் போட்டால் ஏறவில்லை, ஓசை முன்னைக்காட்டிலும் மெலிந்துள்ளது’ என்று எழுதினாள். அதனைத் தொலைபேசியில் அப்படியே படித்தோம். பொறி பழுது பார்ப்பவர், ‘புட்டுவால்வு போச்சு ஐயா’ என்று அங்கிருந்தே சொல்லி, அடிக்குழாயின் வாயிலிருந்து நீர் திரும்பி ஒழுகாமல் தடுக்கும் அவ்வுறுப்பைக் கையோடு கொண்டு வந்தார். ஒரே வருகை. அம்மாணவி தமிழ்த் தேர்வில் முதன்மதிப்பெண் வாங்குபவள் அல்லள் என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

தொலைபேசியில் வரிசையெண்ணைச் சொல்லுங்கால் ஒரு தொல்லை உண்டு. ஆங்கில எழுத்துகளுள் பல ஒன்றுபோலவே ஒலிக்கும். போதாக்குறைக்கு நம் எழுத்தில் இரண்டு ‘பி’யும் ஒன்று, இரண்டு ‘டி’யும் ஒன்று. இதற்காக ஆப்பிளையும் பூனையையும் ஆங்கிலத்தில் அழைத்து வர வேண்டா. பவானியின் பி, பழநியின் பி, திண்டுக்கல்லின் டி, தஞ்சையின் டி, சேலத்தின் எசு, மதுரையின் எம், நாமக்கல்லின் என் என்று நம் ஊர்களையே துணைக்கொள்ளலாம். சுழியம் எது, ஓ என்னும் எழுத்து எது என்பதையும் தெளிவாகச் சொல்லுக.

ஆனால் சொல்லவே கூடாதனவும் உள. என்னோடு முன்பு பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், உதவி எண்ணைக் கட்டணச் சீட்டில் பாராமல் இணையத்தில் தேடியெடுத்து அழைத்தார். எடுத்தவன் இனிமையாகத் தமிழில் பேசினான். ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கச் சொன்னான். அது திரையைத் தொலைவிலிருந்தே காணவும் இயக்கவும் விடும் செயலி. பின்னர் வந்த ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்டான். மூன்று திங்கள் ஓய்வூதியம் போயிற்று. தமிழிற் பேசுகின்றான் என்பதனாலேயே நம்பினேன் என்றார் அவர். தமிழ் நம் மொழி. கள்வனுக்கும் அதுவே மொழி! உதவி எண்ணைச் சீட்டிலிருந்தோ பெட்டியின் அட்டையிலிருந்தோ மட்டும் எடுக்க. கடவுச்சொல், ஒருமுறைக் கடவெண், பண அட்டையின் மறையெண் ஆகியவை பழுது பார்க்க எவர்க்கும் வேண்டா. ஏமாந்துவிட்டால் நாணி ஒளியாமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க. இணையவழிப் பணக்களவுக்கென்று இந்திய அரசு வைத்துள்ள எண் அது. காலந்தாழ்த்தத் தாழ்த்தப் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

அழைப்பை முடிக்கு முன் முறையீட்டெண்ணைக் கேட்டு வாங்குக. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுக. ஆள் எந்நாள் வருவார் என்றும் கேட்க. இது நாம் இரந்து பெறுவதன்று. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-ஆம் ஆண்டு வகுத்த நுகர்வோர் முறையீட்டு ஒழுங்குமுறையின்படி, ஒவ்வொரு முறையீட்டுக்கும் தனியெண் இட்டு அதனைக் குறுஞ்செய்தியாகவும் நிறுவனம் விடுத்தல் வேண்டும். தானியங்கிக் குரலின் முதற்படியே மொழியைத் தெரிந்தெடுக்கும் படியாக இருத்தல் வேண்டும் என்பதும் அவ்வொழுங்குமுறையில் உள்ளது. அப்படியில் தமிழுக்குரிய எண்ணை அழுத்தாமல், விரைவில் எடுப்பார்கள் என்று ஆங்கிலத்திற்குரியதை அழுத்துவோர் நம் தெருவிலேயே உளர். தமிழை அழுத்துவோர் தொகை குறையக் குறைய, தமிழ் தெரிந்தவரை அந்நாற்காலியில் அமர்த்தும் தேவையும் நிறுவனத்திற்குக் குறையும். முறையீடு தீரவில்லையெனின் அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலர்க்கு எழுதலாம். 1915 என்னும் எண்ணில் நுகர்வோர் உதவி நிலையம் உண்டு. அங்கும் தமிழிற் பேசலாம்.

குரல் தமிழில் வந்தாலும், அதன்பின் வரும் குறுஞ்செய்தி எனக்கு ஆங்கிலத்திலேயே வந்துகொண்டிருக்கின்றது. என் இணைப்பைத் தரும் நிறுவனத்திற்கு இதுபற்றி இருமுறை தமிழில் மடல் விடுத்தேன். இரண்டு மடலுக்கும் ஆங்கிலத்தில் விடை வந்தது. மூன்றாம் மடல் எழுதி வைத்துள்ளேன். இவ்விதழ் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் அடுத்தமுறை பழுது நேர்ந்து முறையீட்டெண் பெற்றவுடன், அச்செய்தியைத் தமிழில் விடுக்குமாறு தத்தம் நிறுவனத்திற்கு ஒரு மடல் எழுதுக. மடலின் தலைப்பில் முறையீட்டெண்ணையும் நாளையும் குறித்து, படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, மற்றொரு படியை நம் இதழுக்கு விடுக்க.